ஏரி நிரம்பிட்டா போதுமா? சென்னை தண்ணி பத்தி வாசகர் கேள்வி–பதில்

கேள்வி (வேளச்சேரி வாசகி): ஏரியெல்லாம் ஃபுல்லுன்னு நியூஸ்ல காட்டுறாங்க. இனி 2019 மாதிரி குடத்த தூக்கிட்டு அலைய வேண்டாம்ல?

அப்படி நம்பி இருந்துட முடியாதும்மா. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், 2020ல தொறந்த கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை, இந்த அஞ்சும் தளும்ப தளும்ப நிரம்பினாலும் மொத்தம் 12 டிஎம்சிக்குள்ளதான் வரும், சிட்டிக்கு இப்போ ஒரு நாளைக்கு 100 கோடி லிட்டர் அளவுல சப்ளை போகுது, ஒரு டிஎம்சின்னா 2,832 கோடி லிட்டர், அதாவது 28 நாள் தண்ணி. ஆக அஞ்சு ஏரியும் நிரம்பி இருந்தாலே பதினோரு மாசத்துக்குத்தான், அதுலயும் வெயில்ல ஆவியா போறது தனிக்கணக்கு.

2018ல வடகிழக்கு பருவமழை ஏமாத்துச்சு, 2019 கோடையில ஏரித் தரை பாளம் பாளமா வெடிச்சு, மெட்ரோ வாட்டர் சப்ளை ஒரு நாளைக்கு 83 கோடி லிட்டர்ல இருந்து 52 கோடி சொச்சத்துக்கு எறங்கி, ஜூலைல ஜோலார்பேட்டைல இருந்து 50 வேகன் ரயில்ல தண்ணி வந்துச்சு. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். கேக்க பெருசா இருக்கும், ஆனா அன்னிக்கு போன சப்ளைல அது அரை சதவீதம் கூட இல்ல.

வெளில இருந்து வர்ற தண்ணியும் அப்படித்தான். கிருஷ்ணா தண்ணி ஆந்திராவோட போட்ட 1983 ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 12 டிஎம்சி, பெரும்பாலான வருஷம் முழுசா வந்ததில்ல, வீராணம் ஏரி காவிரிய நம்பி இருக்கு. அதனால திட்டம் போடுறவங்க சராசரி மழைய வச்சு கணக்கு போடக்கூடாது, ரெண்டு வருஷம் தொடர்ந்து மழை பொய்ச்சா ஊருக்கு எங்க இருந்து தண்ணி குடுப்போம்னு முதல்ல கேட்டுட்டுதான் பேனாவ எடுக்கணும். இத நான் எத்தனை தடவ வேணா சொல்லுவேன்.

கேள்வி (ஆவடி வாசகர்): கடல் பக்கத்துலயே இருக்கு. குடிநீராக்குற பிளான்ட்டயே நெறைய கட்டிட்டா முடிஞ்சுதே சார்?

மழை இல்லாத வருஷம் அது பெரிய தைரியம், மறுக்கல. ஒரு நாளைக்கு மீஞ்சூர்ல 10 கோடி லிட்டர், நெம்மேலில 10 கோடி, 2024ல அங்கயே இன்னொரு 15 கோடி, பேரூர்ல 40 கோடி லிட்டர் திட்டம். ஆனா ஆயிரம் லிட்டர் எடுக்க மூணு நாலு யூனிட் கரண்ட் போகும், மிச்சமாகுற கடும் உப்புத்தண்ணி திரும்ப கடல்லதான் விழும், மீன்பிடிக்கிற ஜனங்க அதப்பத்தி கவலைப்படுறதுல நியாயம் இருக்கு. கட்டுங்க, அத மட்டுமே நம்பி ஏரியையும் சதுப்பு நிலத்தையும் பிளாட் போட விட்டுடாதீங்க.

கேள்வி (மடிப்பாக்கம் வாசகி): சாக்கடைத் தண்ணிய சுத்தம் பண்ணி யூஸ் பண்ணலாம்னு சொல்றாங்களே, நினைச்சாலே ஒரு மாதிரி இருக்கு.

உங்களுக்கு இருக்குற தயக்கம் புரியுது. ஆனா வீட்டுக்கு குடுக்குற தண்ணில சுமார் 80 சதவீதம் கழிவுநீரா திரும்பி வரும்னுதான் இன்ஜினியர்கள் கணக்கு வைப்பாங்க, மழை பேஞ்சாலும் பேயாட்டாலும் தினமும் வர்ற தண்ணி அது, இத விட நம்பிக்கையான ஆறு சென்னைக்கு கெடையாது! கொடுங்கையூர்லயும் கோயம்பேட்லயும் ஒரு நாளைக்கு தலா நாலரை கோடி லிட்டர் ஆர்ஓ பிளான்ட் போட்டு மணலி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிகளுக்கு அனுப்புறாங்க, அவங்க அத வாங்கினா அந்த அளவு நல்ல தண்ணி வீடுகளுக்கு மிச்சம். சிங்கப்பூர்ல 2003ல இருந்தே இப்படி சுத்தம் பண்ணின தண்ணிய கம்பெனிகளுக்கும் குடுக்குறாங்க, கொஞ்சம் நீர்த்தேக்கத்துலயும் கலக்குறாங்க. நம்ம ஊர்ல மொதல்ல ஃபேக்டரி, கட்டட வேலை, பார்க் இதுக்கெல்லாம் முழுசா மாத்துவோம், குடிக்கிறத அப்புறம் பேசலாம்.

கேள்வி (அம்பத்தூர் வாசகர்): 2003லயே மழைநீர் சேமிப்பு கட்டிட்டோம், சட்டம் வந்தப்போ. போர்ல தண்ணி ஏறவே இல்லையே?

கட்டினதுக்கு அப்புறம் குழி மூடிய தொறந்து பாத்தீங்களா சார்? பெரும்பாலான வீட்ல மூடி மேல பூந்தொட்டி இருக்கும், உள்ள மேல இருக்குற மணல் மேல ரெண்டு விரல் கனத்துக்கு கருப்பா சேறு படிஞ்சு, மாடில இருந்து வந்த எலை சருகெல்லாம் அதோட ஒட்டி தோல் மாதிரி ஆயிருக்கும், அதுக்கு கீழ சொட்டு எறங்காது. ஆயிரம் சதுர அடி மாடில வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டர் மழைன்னா 1 லட்சத்து 30 ஆயிரம் லிட்டர் விழுது, அவ்வளவும் தெருவுக்கு ஓடுது. செப்டம்பர்ல ஆள் வச்சு மேல் மணல வழிச்சு எடுத்துட்டு புது மணல் போடுங்க, ஜல்லிய அலசுங்க, மாடி குழாய் வாய்ல வலை கட்டுங்க. அப்புறம் நாலு பக்கெட் தண்ணி ஊத்திப் பாருங்க, அஞ்சு பத்து நிமிஷத்துல எறங்கிடுச்சுன்னா சரி, அப்படியே நின்னா இன்னும் ஆழமா தோண்டி சுத்தம் பண்ணணும், அக்டோபர் மழைக்கு முன்னாடி.