ஒரே ஒரு ரேடாரால் பூமியைச் சுற்றும் அலையைப் பிடிக்க முடியுமா?

கேட்டிருப்பது இது: 80, 90 கி.மீ. உயரத்தில் பூமியையே சுற்றி வரும் அலைகள் இருக்கின்றன என்கிறார்கள், ஒரே ஊரில் இருக்கும் ரேடாரை வைத்து அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பாதிதான் கண்டுபிடிக்க முடியும். முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது, திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் 1992 முதல் இயக்கிய ரேடாரின் டேட்டா. ஏறக்குறைய 2 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையை மேலே அனுப்பி, அங்கே இருக்கும் கொஞ்சநஞ்ச எலக்ட்ரான்களில் பட்டுத் திரும்புவதை வைத்துக் காற்றின் வேகத்தைச் சொல்லும்.

வந்த டேட்டாவை அப்படியே வரைந்தால் எதுவும் புரியாது. 24 மணி, 12 மணி நேர ஓதங்கள் (கடலில் வருகிற மாதிரி காற்றிலும் உண்டு, சூரியச் சூட்டால் வருபவை) எல்லாவற்றையும் அமுக்கிவிடும். நாள் சராசரி எடுத்து அவற்றைக் கழிக்க வேண்டும். ஆனால் 80 கி.மீ.க்குக் கீழே இரவில் எலக்ட்ரான் குறைந்து டேட்டாவில் ஓட்டை விழும், அந்த நாளின் சராசரியில் ஓதம் பாதி ஒட்டிக்கொண்டே இருக்கும். எனக்கு அதிக நாள் பிடித்த வேலை இதுதான்.

அதெல்லாம் முடிந்தபின் ஒரு நாள், கிழக்கு-மேற்குக் காற்றில் மூன்றரை நாளுக்கு ஒரு முகடு என்று ஐந்தாறு சுற்று வரிசையாக வந்து நின்றது. உடனே வடக்கு-தெற்குக் காற்றை எடுத்துப் பார்த்தேன், அதில் அந்தச் சாயலே இல்லை. அப்புறம் உயரம் உயரமாகப் பார்த்தால், 90 கி.மீ.யில் முகடு வந்து சில மணி நேரம் கழித்துத்தான் 82 கி.மீ.யில் வருகிறது. முகடு கீழே இறங்குகிறது என்றால் அலையின் ஆற்றல் மேலே ஏறுகிறது, அதாவது பிறந்த இடம் கீழே, வெப்பமண்டல இடிமேகங்களில். இவ்வளவும் கெல்வின் அலையின் (நடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கு நோக்கி ஓடும் காற்று அலை) அடையாளங்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனாலும் அது பூமியைச் சுற்றுகிறது என்று அந்த ஒரு ரேடாரால் சொல்ல முடியாது. அதற்குக் கிழக்கே இன்னொரு கண் வேண்டும். சுமத்ராவில் கோட்டோதபாங் என்ற இடத்தில் விண்கல் ரேடார் (எரிந்து விழும் விண்கற்களின் தடம் காற்றில் நகர்வதை வைத்து வேகத்தை அளப்பது) ஒன்று இருக்கிறது, நெல்லையிலிருந்து தீர்க்கரேகையில் சுமார் 22 பாகை தள்ளி. பூமி முழுக்க ஒரே முகடு, சுற்ற மூன்றரை நாள் என்றால், நெல்லையைத் தாண்டிய முகடு ஏறக்குறைய 5 மணி நேரத்தில் அங்கே போய்ச் சேர வேண்டும். அந்த 5 மணி நேரத்தைத்தான் இரண்டு டேட்டாவையும் பக்கத்தில் வைத்துத் தேட வேண்டும். இல்லையென்றால் டைம்டு செயற்கைக்கோளின் சேபர் கருவி 2002 முதல் எல்லாத் தீர்க்கரேகைகளிலும் அளந்துவரும் வெப்பநிலையைப் பார்க்கலாம்.

நெல்லை டேட்டாவைத் தொடப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். காந்த நடுக்கோடு (பூமியின் காந்தப்புலம் படுக்கையாக இருக்கும் கோடு, அதன் மேலே உயரத்தில் பலமான மின்னோட்டம் ஓடும்) பக்கத்திலேயே போகிறது, அதனால் 95 கி.மீ.யை நெருங்கும்போது ரேடார் காட்டுவது காற்றா, மின்னோட்டம் இழுத்துப்போகும் எலக்ட்ரான்களா என்று சந்தேகம் வரும். முதலில் 90க்குக் கீழே நின்று பழகுங்கள்.