டீச்சர் சொல்லாமல் விட்டது

சிறு வயதில் உங்களை ஊக்குவித்த ஆசிரியருக்கு இன்று நன்றி சொல்வதென்றால் எதற்காகச் சொல்வீர்கள் என்பது கேள்வி. ஒரு விஷயத்தை எனக்குச் சொல்லாமல் மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்காக. விநோதமான பதில்தான், ஆனால் யோசித்துப் பார்த்தால் வேறு எதுவும் அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

ஐந்தாம் வகுப்பில் நான் கணக்கில் சுமார். அதற்கு முந்தைய வருஷம் ஒரு பரீட்சையில் வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதிவிட்டேன் என்று, யாரைப் பார்த்து எழுதினாய் என்று கேட்டு ஒரு பீரியட் முழுக்க நிற்க வைத்தார்கள். மனதுக்குள் போட்ட கணக்கு, அதற்கு நான் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவேன்? அதிலிருந்து விடை தெரிந்தால்கூடக் கையைத் தூக்குவதை விட்டுவிட்டேன்.

ஐந்தாவதில் வந்த டீச்சர் ஒருநாள் வீட்டுப்பாடமாக இருபது பெருக்கல் கொடுத்தார். சோம்பேறித்தனத்தில்தான் அது கண்ணில் பட்டது. 20×20 என்றால் 400. 19×21 போட்டால் 399. 18×22 என்றால் 396, 17×23 என்றால் 391. குறைவது 1, 4, 9 என்று போகிறது, அதாவது நடு எண்ணிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறோமோ அதை அதாலேயே பெருக்கிக் கழித்தால் போதும். அப்புறம் எதற்கு வரிசை வரிசையாகப் பெருக்கிக் கூட்டிக்கொண்டு? அந்த மாதிரி இருந்த கணக்கெல்லாம் வெறும் விடையாக எழுதிக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

நோட்டைத் திருத்தும்போது கூப்பிட்டார். "இது எப்படி வந்தது?"

"பார்த்து எழுதல டீச்சர்."

"பார்த்து எழுதினியான்னு கேட்கல. எப்படி வந்ததுன்னு கேட்டேன்."

இரண்டு கேள்விக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. திக்கித் திணறிச் சொன்னேன். சபாஷ், கெட்டிக்காரன் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை (கடைசிவரை சொன்னதே இல்லை). நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி என் பக்கம் தள்ளி, "எல்லா எண்ணுக்கும் வருதான்னு பார்த்துட்டு வா" என்றார், அவ்வளவுதான்.

இரண்டு நாளில் கடைசிப் பக்கம் நிரம்பி அட்டையின் உள்பக்கம் வரை வந்துவிட்டது. 48×52, 95×105, எல்லாம் வந்தது. 17×24-இல் மாட்டிக்கொண்டேன். நடு எண்ணே இல்லை, இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் இடையில் தொங்குகிறது. போய் "இதுக்கு வரல டீச்சர்" என்றேன். எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி, சரி, இத்தோடு விட்டுவிடலாம் என்று. அவர் நோட்டைப் பார்த்துக்கொண்டே, "வரலைன்னு எப்படிச் சொல்ற? நடுவுல இருபதரை இருக்கே" என்றார்.

பின்னம் எனக்கு எமன். இருபதரையை இருபதரையால் பெருக்க அன்று ராத்திரி எவ்வளவு நேரம் ஆனது என்று நினைவில்லை, எத்தனை தடவை அழித்தேன் என்பது நினைவிருக்கிறது, ஏனென்றால் அந்த இடத்தில் காகிதம் ஓட்டையே விழுந்துவிட்டது. 420¼. மூன்றரையை மூன்றரையால் பெருக்கினால் 12¼. கழித்தால் இரண்டு காலும் அடிபட்டு 408. பழைய முறையில் 17×24 பெருக்கிச் சரிபார்த்தேன், அதே 408. அதற்குப் பிறகு பின்னத்தைக் கண்டு நான் பயந்ததில்லை.

மறுநாள் கரும்பலகையில் என்னைப் போடச் சொன்னார். அந்த வருஷம் முழுக்க அந்த மாதிரிக் கணக்கு வந்தால் வகுப்பைப் பார்த்து "இதை அவன் வழியில போடுங்க" என்பார். அவன் வழி! பத்து வயதில் அந்த இரண்டு வார்த்தைக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன்.

எட்டாம் வகுப்பில் இன்னொரு ஆசிரியர் பலகையில் (a+b)(a−b) = a²−b² என்று எழுதினார். a-க்கு 20, b-க்கு 3 போட்டுப் பார்த்தேன். முகமெல்லாம் சூடாகிவிட்டது. என் வழி புத்தகத்தில் அச்சாகி இருக்கிறது, உலகத்துக்கே தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. இடைவேளை மணி அடித்ததும் ஐந்தாம் வகுப்புக்கு ஓடினேன். "இது உங்களுக்கு அப்பவே தெரியுமா டீச்சர்?"

"தெரியுமே."

"ஏன் சொல்லல?"

"நீ கண்டுபிடிச்சதைப் பிடுங்கி நான் எதுக்குடா புத்தகத்துக்குக் கொடுக்கணும்?" என்று சொல்லிவிட்டுப் பலகையை அழிக்கத் திரும்பிவிட்டார்.

கணித மேதை காஸ் (1777இல் பிறந்தவர்) பற்றி ஒரு கதை கேட்டிருப்பீர்கள். 1 முதல் 100 வரை கூட்டச் சொன்னதும் சிறுவன் நொடியில் 5050 என்று எழுதிக் கொடுத்தானாம். கதையில் எண்கள் ஆளுக்கு ஆள் மாறும், அது கிடக்கட்டும். எல்லோரும் பையனைப் புகழ்ந்துவிட்டுப் போய்விடுகிறோம், ஆசிரியர் பியூட்னரை யாரும் பேசுவதில்லை. பிரம்புக்குப் பேர்போன அந்த மனிதர்தான் ஹாம்பர்க்கிலிருந்து அவனுக்காக ஒரு கணக்குப் புத்தகம் வரவழைத்துக் கொடுத்தார் என்கிறார்கள். அவருடைய உதவியாளர் பார்ட்டெல்ஸ், காஸைவிட எட்டு வயதுதான் மூத்தவர், கூடவே உட்கார்ந்து கணக்குப் படித்தார். பிற்பாடு ரஷ்யாவின் கசான் பல்கலைக்கழகத்தில் அதே பார்ட்டெல்ஸிடம் படித்தவர் லோபசெவ்ஸ்கி. நாம் பள்ளியில் படிக்கும் யூக்ளிட் வடிவியலுக்கு வெளியே இன்னொரு வடிவியல் உண்டு என்று எழுதினாரே, அவரேதான். அடுத்தவன் போட்ட கணக்கைப் பொறுமையாகப் பார்க்கத் தெரிந்த ஒருவர் இரண்டு பேர் கதையிலும் இருக்கிறார், அது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

நான் மேதையெல்லாம் ஆகவில்லை. மென்பொருளில் பிழை தேடும் வேலை. புதிதாகச் சேரும் பிள்ளைகள் நமக்குத் தெரிந்ததையே தாங்கள் கண்டுபிடித்த மாதிரி ஓடி வந்து சொல்வார்கள். "அது பழைய விஷயம்பா" என்பது நாக்கு நுனி வரை வந்துவிடும். "எப்படி வந்தது, காட்டு" என்று மாற்றிக் கேட்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. தினமும் வகுப்பில் அதைச் செய்தவரின் பொறுமை எப்பேர்ப்பட்டது என்று இப்போதுதான் புரிகிறது.

போன வாரம் என் பையன் வந்து, "அப்பா, ஒன்பதாம் வாய்ப்பாட்டுல எந்த விடையைக் கூட்டினாலும் ஒன்பதுதான் வருது" என்றான். எல்லாத்துக்கும் வருதா என்று கேட்டேன். போனான், திரும்பி வந்தான். "9×11-க்கு வரலப்பா. 99, கூட்டினா 18 ஆகுது." முகம் விழுந்துவிட்டது. அந்த 18ஐயும் ஒரு தடவை கூட்டிப் பாரேன்டா என்று சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகாது. இன்றோடு ஐந்து நாள், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.