யோசிக்க நேரமே கிடைக்கவில்லை என்றவருக்கு

துறைமுகச் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை முடித்துக் கொடுக்கும் ராயபுரம் கிளியரிங் ஆபீஸில் நாள் முழுக்க போனிலேயே போகிறது, செலவைக் குறைக்க யோசிக்க முடியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். சாயங்காலத்துக்குத் தள்ளாதீர்கள் சார்; அப்போதுதான் துறைமுக வாசலில் டிரெய்லர் நிற்கிறது என்று போன் வரும். வாரம் இரண்டு நாள், காலை 8 முதல் 9.30 வரை ஒதுக்குங்கள். அரை மணி போதாது, பழைய கணக்கை மனதில் ஏற்றவே பாதி நேரம் போய்விடும்.

போன் ஜூனியரிடம் இருக்கட்டும். எதற்கெல்லாம் உங்களைக் கூப்பிடலாம் என்று எழுதிக் கொடுங்கள்: கஸ்டம்ஸ் குவெரி (பேப்பரில் அவர்கள் கேட்கும் விளக்கம்), விபத்து, அவ்வளவுதான். பலர் இதை வாயால் சொல்லிவிட்டு விடுவதால்தான் ஏற்பாடு முதல் வாரமே குலைகிறது.

அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத் தாளில் ஒரே கேள்வி போதும்: எந்தப் பார்ட்டியின் சரக்குக்கு டிடென்ஷன் (தாமதக் கட்டணம்) அதிகம் கட்டுகிறோம், எந்தப் பேப்பர் தாமதத்தால்? பில்களை முந்தின நாளே பிரிண்ட் எடுத்து வையுங்கள். கம்ப்யூட்டரைத் திறந்தால் மெயில் இழுத்துவிடும்.