தட்டை முகமும் தொங்கு காதும் உள்ள முயல்களுக்கு நோய் அதிகம் வருமா?

ஹாலந்து லாப் என்ற குள்ள முயல் இனத்தில் (லாப் என்றால் தொங்கு காது) ஜோடி ஒன்று வாங்க ஆசைப்படுகிறீர்கள். உருண்டை முகமும் தொங்கும் காதும் உள்ள இனங்களுக்குப் பல், காது, கண் தொல்லைகள் அதிகம் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். அது உண்மையா, ஜோடியாக வாங்கிக் குட்டி எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

காது விஷயத்தில் அது உண்மை, சந்தேகமே வேண்டாம். முன்பல்லுக்கும் கண்ணுக்கும் பெருமளவு உண்மை. கடைவாய்ப் பற்களைப் பற்றித்தான் முயல் வளர்ப்பவர்கள் பேசிக்கொள்ளும் அளவுக்கு அடித்துச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் தொங்கு காது முயல் ஒன்றும், இன்ன இனம் என்று சொல்ல முடியாத நீள மூஞ்சிக்காரன் ஒன்றும் இருக்கிறார்கள். ஒரே கூடம், ஒரே புல், ஒரே கவனிப்பு. மருத்துவரிடம் அதிகம் போவது யார் என்று சொல்லத் தேவையில்லை.

முதலில் மண்டையோட்டைப் பார்ப்போம். காட்டு முயலைப் பக்கவாட்டில் பார்த்தால் நெற்றியிலிருந்து மூக்கு நுனி வரை ஒரே சரிவாக, நீளமாக இறங்கும். நெதர்லாந்து ட்வார்ஃப், ஹாலந்து லாப், லயன்ஹெட் போன்ற இனங்களில் அந்த நீளம் சுருங்கிவிட்டது. வளர்ந்த பிறகும் குட்டியின் முகமே இருக்க வேண்டும் என்று மனிதர்கள் தேர்ந்தெடுத்து இணைசேர்த்ததன் பலன் அது. ஹாலந்து லாப் இனமே பெரிய பிரெஞ்சு லாபையும் சின்ன நெதர்லாந்து ட்வார்ஃபையும் கலந்து, பிறகு காது சரியாகத் தொங்குவதற்காக இங்கிலிஷ் லாபையும் சேர்த்து உருவாக்கப்பட்டதுதான். எலும்பு குட்டையாகிவிட்டது. ஆனால் அதற்குள் இருக்க வேண்டிய 28 பற்கள், கண்ணீர்க் குழாய், மூக்கின் உள் மடிப்புகள் இவையெல்லாம் அதே விகிதத்தில் ஒழுங்காகச் சுருங்கிக்கொள்வதில்லை. இடநெருக்கடி அங்கேதான் தொடங்குகிறது.

இனி காது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் பல்லைப் பற்றியே கவலைப்பட்டுக் காதை மறந்துவிடுகிறார்கள். நிமிர்ந்த காதுள்ள முயலுக்குக் காதுக்குழாய் மேல்நோக்கித் திறந்திருக்கும். காற்று போய்வரும், அழுக்கும் மெழுகும் தானாக மேலே வந்து உதிர்ந்துவிடும். தொங்கு காதில் அடிப்பகுதிக் குருத்தெலும்பு மடிந்துவிடுவதால் குழாயும் அந்த இடத்தில் நசுங்கிவிடுகிறது. தோட்டத்துக் குழாயை மடித்துப் பிடித்த மாதிரி. உள்ளே சுரக்கும் மெழுகுக்கு வெளியேற வழியில்லை. மடிப்புக்குக் கீழே, குருத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள இடைவெளி வழியாக ஒரு பை போல உப்பி, அதில் மெழுகு சேர்ந்து, கிருமி புகுந்து சீழாகிறது. அது உள்நோக்கிப் போனால் நடுக்காது, அதற்கும் அப்பால் போனால் உட்காது. தலை ஒரு பக்கம் சாய்ந்து, உடம்பு உருளும் நிலை வரை போகலாம். (தலை சாய்வுக்கு மூளையைத் தாக்கும் ஒரு நுண்ணுயிரியும் காரணமாக இருக்கலாம். ஆகவே தலை சாய்ந்த எல்லா முயலுக்கும் காதுதான் காரணம் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது.)

எங்கள் தொங்கு காதுக்காரி பின்னங்காலால் காதடியைச் சொறிவாள், சொறிந்த நகத்தை உடனே நக்கிக்கொள்வாள். பார்க்க அழகாக இருந்ததால் வீடியோகூட எடுத்திருக்கிறோம். மருத்துவர் காதின் அடியில், தாடைக்குச் சற்றுப் பின்னால் கட்டை விரலை வைத்து மெதுவாக வருடினார். அங்கே பட்டாணி அளவு மெத்தென்ற புடைப்பு. லேசாக அழுத்தியதும் காதுக்குள்ளிருந்து வெள்ளையாக, பற்பசைபோலக் கெட்டியாக ஒன்று எழும்பி வந்தது. முயலின் சீழ் அப்படித்தான் இருக்கும், தண்ணீராக ஓடாது. அதனால்தான் முயலுக்குச் சீழ்க்கட்டி வந்தால் வெறும் மருந்தில் வடிந்து ஆறிவிடுவது அரிது. "சொறியறது, தலையை உதறுறது, காதடியைத் தொட விடாம நழுவுறது, இந்த மூணையும் பாருங்க. சாப்பாட்டை நிறுத்துற வரைக்கும் காத்திருக்காதீங்க" என்றார் அவர். வலியை மறைப்பதில் முயலை மிஞ்ச ஆளில்லை. வேட்டையாடப்படும் பிராணி, பலவீனத்தைக் காட்டினால் உயிர் போய்விடும் என்று உடம்புக்குத் தெரியும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. காது அழுக்காகத் தெரிகிறதே என்று பஞ்சுக் குச்சியை விடாதீர்கள், மடிப்புக்குக் கீழே மெழுகை இன்னும் அழுத்தித் தள்ளத்தான் அது உதவும். நாய்க்கு வாங்கிய காதுச் சொட்டு மருந்தையும் ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் உள்ளே போய்க் கேடு செய்யும். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கும் யோசனையே வேண்டாம். பென்சிலின் வகை மருந்து வாய் வழியாகப் போனால் முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, அதனாலேயே முயல் இறந்துவிடக்கூடும்.

சரி, பல். முயலின் எல்லாப் பற்களும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மி.மீ. வளரும். மேலும் கீழும் சரியாக உரசினால்தான் தேய்ந்து அளவாக இருக்கும். குட்டை முகத்தில் மேல்தாடை சுருங்கிய அளவுக்குக் கீழ்த்தாடை சுருங்காததால், கீழ் முன்பற்கள் மேல் பற்களைத் தாண்டி முன்னால் வந்துவிடுகின்றன. உரச எதிர்ப்பல் இல்லை. கீழ்ப்பல் ஈட்டிபோல வெளியே நீளும், மேல்பல் வாய்க்குள் சுருண்டு வளரும். இது பரம்பரையாக வருவது, குட்டியாக இருக்கும்போதே தெரிந்துவிடும். பல வருடம் ஒழுங்காக இருந்த முயலுக்குத் திடீரென்று முன்பல் கோணிக்கொண்டால் கதை வேறு. பெரும்பாலும் கடைவாயில் ஏதோ கெட்டுப்போய், அதன் விளைவாக முன்னால் தெரிகிறது என்று அர்த்தம்.

கோணிய முன்பல்லை நகவெட்டியால் கத்தரிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பல் நெடுக்கில் பிளந்து வேர் வரை விரிசல் போகும், அங்கே சீழ் பிடிக்கும். சுழலும் பல் கருவியால் தேய்ப்பதுதான் முறை. சில வாரங்களுக்கு ஒரு முறை அதைச் செய்துகொண்டே இருப்பதற்குப் பதிலாக, ஆறு முன்பற்களையும் நிரந்தரமாகப் பிடுங்கிவிடச் சில மருத்துவர்கள் சொல்வார்கள். கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் பிடுங்கிய பிறகு முயல் உதட்டால் புல்லை இழுத்து, கடைவாயால் மென்று நன்றாகவே சாப்பிடும். காய்கறியை மட்டும் நாம் சின்னதாக நறுக்கித் தர வேண்டும்.

கடைவாய்ப் பற்கள் விஷயத்தில்தான் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 2019இல் இங்கிலாந்தில் ஒரு காப்பகத்தில் தொங்கு காது முயல்கள் 15, நிமிர்ந்த காது முயல்கள் 15 என்று எடுத்துப் பரிசோதித்தார்கள். தொங்கு காதுக்காரர்களுக்குக் காதுக்குழாய் குறுகல், மெழுகு, காதைத் தொட்டால் வலி இவற்றோடு பல் கோளாறுகளும் அதிகம் இருந்தன. பல்லுக்கும் தொங்கு காதுக்கும் முடிச்சுப் போடும் பேச்சுக்கு இது பெரிய ஆதாரமானது. பிறகு 2024இல் லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி, மருத்துவமனைகளுக்கு வந்த 1,60,000க்கும் மேற்பட்ட முயல்களின் பதிவுகளிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்தது. ஏழு முயல்களில் ஒன்றுக்கு ஏதோ ஒரு பல் நோய் இருந்தது. வயது கூடக் கூட ஆபத்தும் ஏறியது. ஆனால் தொங்கு காதுக்கோ தட்டை முகத்துக்கோ பல் நோய் கூடுதலாக இருந்ததாகத் தெரியவில்லை.

யாரை நம்புவது? என் கணிப்பைச் சொல்கிறேன், மருத்துவர்கள் மறுக்கலாம். முதல் ஆய்வு மிகச் சிறியது, ஆனால் ஒவ்வொரு முயலின் வாயையும் திறந்து பார்த்தார்கள். இரண்டாவது மிகப் பெரியது, ஆனால் மருத்துவர் குறித்து வைத்ததுதான் கணக்கில் வரும். கடைவாயின் கூர்முனையை மயக்க மருந்து கொடுக்காமல் முழுசாகப் பார்க்கவே முடியாது. ஆகவே இனத்தைக் குற்றம் சொல்லிவிட்டு உணவைக் கோட்டைவிடாதீர்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். காய்ந்த புல்லை முயல் பக்கவாட்டில் அரைத்து மெல்லும், பல் முழுப் பரப்பிலும் தேயும். தீவனக் குருணையை மேலும் கீழும் நொறுக்கிவிடும், அவ்வளவு தேய்மானம் இல்லை. புல் போதாவிட்டால் கீழ்க் கடைவாயில் முளைக்கும் முனை நாக்கைக் குத்தும், மேல் கடைவாயில் முளைப்பது கன்னத்தைக் கிழிக்கும். நீள மூஞ்சி முயலுக்கும் இதே கதிதான். உணவில் பெரும்பகுதி காய்ந்த புல்லாக இருக்கட்டும், குருணை தொட்டுக்கொள்ளும் அளவுக்குப் போதும்.

கண்ணைப் பார்த்தால் பல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். முயலுக்கு ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரே ஒரு கண்ணீர்த் துளை, கீழ் இமையில். அங்கிருந்து மூக்குக்குப் போகும் குழாய் மேல் முன்பல்லின் வேரை ஒட்டியே வளைந்து போகிறது. பல் சரியாக உரசாமல் வேர் பின்னோக்கி நீண்டால் குழாய் நசுங்கும். குட்டை முகத்தில் வளைவுகள் ஏற்கெனவே இறுக்கம். கண்ணோரம் பால்போல வடிவது, கன்னத்து முடி நனைந்து திரிதிரியாக ஒட்டிக்கொள்வது, அந்த இடத்துத் தோல் சிவந்து முடி கொட்டுவது, இவையெல்லாம் அடையாளம். வெறும் கண் சொட்டு மருந்தோடு நிறுத்தாமல், குழாயைக் கழுவ முடியுமா, பல் வேரை எக்ஸ்ரே எடுக்கலாமா என்று கேளுங்கள்.

மூச்சு பற்றி ஒன்றே ஒன்று. முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. தூங்கும்போது குறட்டை கேட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அந்த நிமிடமே கிளம்புங்கள். அதுபோல, அரை நாள் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அதுவும் அவசரம்தான். வலியால் தின்பதை நிறுத்தினால் குடல் ஓட்டம் நின்றுபோகும். அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு பட்டினி போடச் சொல்லும் மருத்துவருக்கு முயல் பழக்கமில்லை என்று அர்த்தம். முயலால் வாந்தி எடுக்க முடியாது, ஆகவே அதற்குப் பட்டினி தேவையில்லை.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் முன்னாலிருந்து பார்க்காதீர்கள், அந்தக் கோணத்தில் எல்லாமே அழகு. பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். நெற்றிக்கும் மூக்குக்கும் இடையே பள்ளம் விழுந்து, மூக்கு உள்ளே போனதாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள். மேலுதட்டை இரண்டு பக்கமும் மெதுவாக ஒதுக்கினால் முன்பல் தெரியும். மேல் பற்கள் கீழ்ப் பற்களுக்கு முன்னால் இருக்க வேண்டும். மேல் பற்களுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஆப்புபோன்ற குட்டிப் பற்களில் கீழ்ப்பல் நுனி உட்கார்ந்திருக்க வேண்டும். தாய் தகப்பனையும் காட்டச் சொல்லுங்கள். உதட்டைத் தூக்க விடாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். காப்பகத்தில் வீடு தேடிக் காத்திருக்கும் லாப் கிடைத்தால் தாராளமாக எடுங்கள், பிறந்துவிட்ட முயல் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் வாரம் ஒரு முறை எடை பாருங்கள். பல் வலி முதலில் தெரிவது தராசில்தான்.

குட்டி எடுப்பது பற்றிக் கேட்டதற்கு என் பதில்: வேண்டாம். குள்ள இனங்களின் சின்ன உடம்புக்குக் காரணம் ஒரு மரபணுவில் விடுபட்டுப்போன ஒரு துண்டு. 2017இல் அதை HMGA2 என்ற மரபணு என்று கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு முயலிலும் இந்த மரபணு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகளாக இருக்கும். ஒரு பிரதியில் அந்தத் துண்டு விடுபட்டால் முயல் குள்ளமாகும். தாய், தகப்பன் இருவரும் அந்தக் குள்ளத்தன்மையைச் சுமந்தால், சராசரியாக நான்கு குட்டிகளில் ஒன்றுக்கு இரண்டு பிரதியிலுமே அந்தத் துண்டு விடுபட்டிருக்கும். அது கூடப் பிறந்தவற்றைவிட மிகச் சிறியதாக, தலை வீங்கினதுபோல, காது குட்டையாகப் பிறந்து சில நாட்களில் செத்துப்போகும். வளர்ப்பவர்கள் அதற்கு "பீநட்" என்று செல்லப்பெயரே வைத்திருக்கிறார்கள். பிழைக்கும் மற்றவற்றில் எதற்கு முன்பல் கோணும், எதற்குக் காது அடைக்கும் என்பது நீங்கள் அவற்றை யாரிடமாவது கொடுத்த பிறகுதான் தெரியவரும். ஜோடியாக வளர்க்க வேண்டும் என்றால் வளருங்கள், முயலுக்குத் துணை தேவைதான். இரண்டுக்கும் கருத்தடை செய்துவிட்டு வளருங்கள்.