கரீபியன் தீவுகளின் தைனோ மக்கள் நச்சு மரவள்ளியை எப்படி உணவாக்கினார்கள்?

கியூபா, ஹிஸ்பானியோலா, போர்ட்டோ ரிக்கோ தீவுகளில் 1492-க்கு முன்பே வாழ்ந்த தைனோ மக்களின் முதன்மை உணவு கசாபே. கசப்பு மரவள்ளிக்கிழங்கில் சுடும் தட்டையான ரொட்டி அது.

அந்தக் கிழங்கைப் பச்சையாகத் தின்றால் உயிருக்கே ஆபத்து. அதில் சயனைடு சேர்ந்த ஒரு பொருளும் அதை உடைக்கும் நொதியும் தனித்தனியே இருக்கின்றன. திசு நசுங்கினால்தான் இரண்டும் கலந்து நச்சு வாயு கிளம்பும். முழு வெங்காயம் கண்ணை எரிப்பதில்லை, நறுக்கினால்தான் எரிகிறது அல்லவா? அதே கதைதான்.

தைனோக்கள் தோல் சீவி, கல் சில்லு பதித்த பலகையிலோ சொரசொரப்பான பவளக்கல்லிலோ மாவாகத் துருவினார்கள். நன்றாகத் துருவாவிட்டால் நொதி எல்லா இடத்தையும் எட்டாது, நச்சு தங்கிவிடும். துருவலைச் சிபுகான் என்ற நீண்ட பின்னல் குழாயில் அடைத்துக் கிளையில் தொங்கவிட்டு, கீழே பாரம் கட்டுவார்கள். குழாய் நீள நீள ஒடுங்கி, சாற்றைப் பிழிந்துவிடும். என்ன அருமையான கருவி! காய்ந்த மாவைச் சலித்து, புரேன் என்ற மண் தட்டில் பரப்பி இருபுறமும் சுடுவார்கள். மிச்ச வாயு அந்தச் சூட்டில் பறந்துவிடும். ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். ஈரமில்லாத ரொட்டி மாதக்கணக்கில் கெடாது. புரதம் மட்டும் குறைவு. அதற்கு மீனும் ஹூட்டியா என்ற கொறிவிலங்கும் இருந்தன.

வேகவைத்தாலே நச்சு போய்விடும் என்பது நம் ஊர் இனிப்பு வகைக்குத்தான் பொருந்தும். கசப்பு வகையை முழுதாக வேகவைத்தால் நொதி முதலில் அழிந்து, நச்சின் மூலப்பொருள் கிழங்கிலேயே தங்கிவிடும்.