வளையத்துக்குள் நைட்ரஜன்: கேள்வி பதில்

(பதில் சொல்பவர் நாகர்கோவிலைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்)

தக்கலை: பல்லின வளையச் சேர்மம் என்றால் என்ன?

கார்பன் வளையத்தில் ஓரிடத்திலாவது நைட்ரஜனோ ஆக்சிஜனோ கந்தகமோ உட்கார்ந்திருந்தால் அதுதான். மீதிக்குப் பாடப்புத்தகம் இருக்கிறது.

மார்த்தாண்டம், முதுகலை மாணவி: சார், சால்கோனுடன் ஹைட்ரசீன் சேர்த்து, வளையத்தில் இரண்டு நைட்ரஜன் உள்ள பைரசோலின் தயாரித்தேன். ஈ.கோலை பாக்டீரியா வளர்த்த தட்டில் 14 மி.மீ. தடுப்பு வளையம், அதாவது அதற்குள் பாக்டீரியா வளரவில்லை. மருந்து என்று எழுதலாமா?

எழுதாதே மக்களே. சேர்மத்தை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில்தானே கரைத்தாய்? ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் டி.எம்.எஸ்.ஓ. வைத்த காகித வட்டு எங்கே? அது இல்லாமல் 14 என்பது வெறும் எண். ஹைட்ரசீன் மிச்சமிருந்தால் கொன்றது அதுவாகவும் இருக்கலாம். முதலில் தூய்மையைப் பார். தடுப்பு வளையத்தின் அகலம், சேர்மம் தட்டிலுள்ள அகார் கூழில் எவ்வளவு பரவுகிறது என்பதையும் பொறுத்தது. எனவே பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், குறைந்தபட்சத் தடுப்புச் செறிவைக் கண்டுபிடி. அதே செறிவில் மனிதச் செல்லும் செத்தால் அதை வைத்துத் தரை துடைக்கலாம், விழுங்க முடியாது. அதற்காக மனம் தளராதே. பிரிடின் என்ற நைட்ரஜன் வளையம் கொண்ட ஐசோனியாசிட் 1912-இல் தயாரிக்கப்பட்டது. காசநோயை அடக்கும் என்று தெரிய 1950-களின் தொடக்கம் வரை ஆனது.

குலசேகரம்: இதெல்லாம் செயற்கை விஷம். எங்கள் தோட்டத்து மிளகு போதாதா?

அண்ணாச்சி, மிளகின் காரமே பைப்பரின். அதில் நைட்ரஜன் வளையம் ஒன்று, ஆக்சிஜன் வளையம் ஒன்று. கொடி கட்டினால் அமுதம், குடுவையில் கட்டினால் விஷமா? ரசத்துக்குப் பயமில்லை. ஆனால் பைப்பரின் மாத்திரையாக விழுங்கினால், வலிப்புக்குத் தரும் பெனிட்டாயின் இரத்தத்தில் கூடிவிடும்.

குலசேகரம் மீண்டும்: மாறாமலைக் கிராம்பு?

அதன் யூஜெனாலில் பல்லின வளையமே இல்லை. ஆனாலும் பல்வலியை மரக்கச் செய்கிறது. நான் எல்லாப் புகழையும் வளையத்துக்குக் கொடுக்கவில்லை.

குலசேகரம் மூன்றாம் முறை: ரப்பர்?

விடமாட்டீர்களா! உங்கள் ரப்பர் செருப்பாகும்போது, அதை உறுதியாக்கும் கந்தகத்துக்கு வேகம் கூட்டச் சேர்க்கும் மெர்காப்டோபென்சோதயசோலும் பல்லின வளையம்தான். சிலருக்குக் காலில் அரிப்பு வருவது அதனால்தான்.

கொல்லங்கோடு: சேர்மம் புரதத்தில் எவ்வளவு நன்றாகப் பொருந்தும் என்று கணிக்கும் கணினி டாக்கிங்கில் மதிப்பெண் –9.8 வந்தது. மருந்துதானே?

கணினிக்குக் காய்ச்சல் வந்தால் கொடுங்கள்.

குழித்துறை: எனக்கு 16 மி.மீ.!

டி.எம்.எஸ்.ஓ. வட்டு.

களியக்காவிளை: வீட்டிலேயே தயாரித்துப் பார்க்கலாமா?

கூடாது.

இரணியல்: சார், வெறும் டி.எம்.எஸ்.ஓ. வட்டும் வைத்தேன். அதற்கும் 8 மி.மீ., என் சேர்மத்துக்கும் 8 மி.மீ.

இன்று கேட்டதில் உருப்படியான முடிவு இதுதான். ஆய்வேட்டில் அப்படியே எழுது, மக்களே.