‘பெயர் போட வேண்டாம், டாக்டர்’: பிள்ளைகளும் போதையும், மனநல மருத்துவரின் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகள் பலவற்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: பெயர் போட வேண்டாம். போடவில்லை. ஆனால் ‘வெளியே தெரிந்தால் மானம் போகும்’ என்ற அந்தப் பயத்தால்தான் பல பிள்ளைகள் நோய் முற்றிய பிறகு மருத்துவமனைக்கு வருகிறார்கள். அதனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் ஆங்காங்கே எழுதியிருக்கிறேன்.

பிளஸ் ஒன் படிக்கும் மகனின் சட்டைப் பையில் சின்னச் சின்ன வெள்ளைப் பைகள் இருந்தன. “மின்ட் மாதிரிம்மா, எல்லாரும் வைப்பாங்க” என்கிறான். இது போதையா? – ஒரு தாய், திருப்பூர்

பையன்கள் ‘கூல் லிப்’ என்பது இதைத்தான். வாசனை ஏற்றிய புகையிலை. புகை வராது, வகுப்பில் உட்கார்ந்தபடியே உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளலாம் என்பதால் ஆசிரியர் கண்ணில் படாது. குட்கா வகைகளுக்குத் தமிழ்நாட்டில் 2013-லேயே தடை வந்தும் பெட்டிக்கடையில் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. அவனைக் கீழுதட்டை மடக்கிக் காட்டச் சொல்லுங்கள். பை வைக்கும் இடத்தில் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தால், அரசு மருத்துவமனை பல் பிரிவில் காட்டுங்கள். நிகோடின் பழக்கத்தைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள்.

மகன் பையில் கஞ்சா பொட்டலம். வயது 16. “ஸ்டேஷன்ல சொல்லி ரெண்டு தட்டு தட்டினா திருந்திடுவான்” என்கிறார் மச்சான். செய்யலாமா? – ஒரு தந்தை, மதுரை

வேண்டாம். அடிக்குப் பயந்து அவன் கஞ்சாவை விடமாட்டான், உங்களிடம் பேசுவதைத்தான் விடுவான்.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர், சொந்த உபயோகத்துக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கினாலும், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்கு பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடும். போலீஸுக்குச் சொல்லத்தான் வேண்டுமென்றால், விற்றவனைப் பற்றிச் சொல்லுங்கள்: மதுவிலக்கு அமலாக்கப் பிரிவின் எண் 10581. 18 வயதுக்குட்பட்டவருக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கு இளைஞர் நீதிச் சட்டப்படி ஏழு ஆண்டு வரை சிறை.

மகனிடம் “எத்தனை நாளா?” என்று ஆரம்பிக்காதீர்கள். “அது இல்லைன்னா உனக்கு என்ன ஆகுது?” என்று கேளுங்கள். தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது, வகுப்பில் கேலி செய்கிறார்கள் என்று ஏதாவது வரும். சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்கும். யாரோ பின்தொடர்கிறார்கள், காதில் குரல் கேட்கிறது என்று சொன்னால் மட்டும் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். இந்த வயதில் கஞ்சா மனச்சிதைவைக் கிளறிவிடக்கூடும். குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

வயது 17. நண்பர்களோடு வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்கிறேன். போடாவிட்டால் உடம்பு முறிகிறது. வீட்டுக்குத் தெரியாமல் நிறுத்த வழி உண்டா?

எழுதியதற்கு நன்றி, தம்பி. டேபென்டடால் போன்ற அந்த மாத்திரைகள் ஓபியாய்டு வகை, அதாவது அபினைப் போல வேலை செய்பவை. உடம்பு வலி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாம் அதை நிறுத்துவதால் வருபவை. முதல் சில நாள்தான் கடுமை. அதைக் குறைக்க மருந்து இருக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டியதில்லை.

மாத்திரை விழுங்குவதற்காகச் செய்தது. அதிலுள்ள மாவும் டால்க்கும் தண்ணீரில் முழுதாகக் கரையாது. பஞ்சில் வடிகட்டினாலும் துகள் ரத்தக்குழாயில் போய் அடைக்கும், போட்ட இடம் சீழ் கட்டும். ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்ஐவி, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி இரண்டுக்கும் பரிசோதனை வேண்டும். அரசு மருத்துவமனைகளில் உள்ள ‘நம்பிக்கை மையம்’ எச்ஐவி பரிசோதனையை இலவசமாகச் செய்கிறது. முடிவை ரகசியமாக வைத்திருப்பார்கள். ஹெபடைடிஸ் சி இன்று மாத்திரையிலேயே குணமாகிறது.

வீட்டுக்குத் தெரியாமல் முழுச் சிகிச்சை முடியாது. 18 ஆகும்வரை பெற்றோர் சம்மதம் தேவை. ஆனால் முதல் பேச்சுக்கு யார் சம்மதமும் வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. போதைக்கென்றே உள்ள தேசிய எண் 14446. அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லையென்றால் மருத்துவரைச் சொல்லச் சொல். எங்களுக்கு அது பழகிய வேலை. அதுவரை இந்த மாத்திரையோடு மதுவையோ தூக்க மாத்திரையையோ சேர்க்காதே, மூச்சு நின்றுவிடும்.

ஒரு மறுவாழ்வு மையத்தில், “ஆறு மாசம் விட்டுட்டுப் போங்க, போன் பேசக்கூடாது, பார்க்க வரக்கூடாது” என்கிறார்கள். தங்கை மகனைச் சேர்க்கலாமா? – ஒரு வாசகி, சேலம்

பார்க்கவே வரக்கூடாது என்றால் அங்கே உங்கள் பார்வையில் படக்கூடாதது ஏதோ நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று, மனநல மருத்துவர் எந்தக் கிழமைகளில் வருகிறார், சிறுவர்களைப் பெரியவர்களிடமிருந்து தனியாகத் தங்க வைக்கிறார்களா என்று கேளுங்கள். சங்கிலி போடுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடை செய்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும், சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. போதை சிகிச்சை மருத்துவமனையும் உண்டு. உங்களுக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலேயே தொடங்குங்கள்.

ஏழாம் வகுப்புப் பையன்கள் பஞ்சர் சொல்யூஷனைத் துணியில் ஊற்றி முகர்கிறார்கள். – ஓர் ஆசிரியர்

2019-இல் வெளியான தேசிய ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாக இருந்த ஒரே போதை இதுதான். முதல் தடவையிலேயே இதயத்துடிப்பு தாறுமாறாகி இறந்தவர்கள் உண்டு. முகரும் நேரத்தில் பார்த்தால் துரத்தாதீர்கள், அதட்டாதீர்கள். பதற்றமும் ஓட்டமும் சேர்ந்தால் இதயத்துக்கு ஆபத்து இன்னும் அதிகம். துணியை வாங்கிவிட்டுக் காற்றோட்டத்தில் உட்கார வையுங்கள். வீட்டில் ஆதரவில்லாத பிள்ளை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே சிறுநீர் பரிசோதனை செய்யும் கிட் வாங்கலாமா?

காசு மிச்சம் பண்ணுங்கள். பையன் அடுத்த முறை தண்ணீர் கலந்துதான் கொடுப்பான்.

ஊசியை விட்டு ஏழு மாதம் நன்றாக இருந்த மகன், போன வாரம் மறுபடி போட்டுக்கொண்டான். எல்லாம் வீணா? – ஒரு தந்தை

வீண் இல்லை. சறுக்கல் இந்த நோயின் இயல்பு. அதே மருத்துவரிடம் இந்த வாரமே கூட்டிப்போங்கள். அவசரம் வேறொன்று. ஏழு மாதத்தில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவே இப்போது உயிரை எடுக்கலாம். எழுப்பினால் எழாமல், குறட்டை போல மூச்சு இழுத்து, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, உதடு நீலம் பாய்ந்திருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். என்ன போட்டான் என்பதை ஆம்புலன்ஸ்காரரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கு மாற்று மருந்து இருக்கிறது.